வலது பக்கம், அவர்கள் சொன்னது

போன மாதம் எனக்கே இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் ரத்தத்தைச் சோதித்து, பொருத்தம் பார்த்து, கவுன்டரில் எடுத்துக் கொடுத்தவன் நான். ஊசி குத்திய கையை நீட்டிக்கொண்டு பைக்குக் கீழே படுத்தது இதுதான் முதல் தடவை. குடலில் எங்கோ கசிந்திருக்கிறது. நானோ வெறும் அசதி என்று நினைத்து, அம்பத்தூர் மார்க்கெட்டில் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் இருந்தவன் செய்கிற காரியமா இது என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள்.

ஏற்றுவதற்கு முன் நர்ஸ் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். நான் மூன்று முறை படித்தேன். குளிர், அரிப்பு, முதுகுவலி, மூச்சுத்திணறல், இனம் தெரியாத பயம், எதுவானாலும் உடனே சொல்லவும் என்று போட்டிருந்தது. கவனிப்பில் குறை இருந்தால் சொல்ல ஒரு தொலைபேசி எண், எழுதிப் போட ஒரு படிவம். 'பயம்' என்று அச்சில் போட்டிருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். எந்த மகராசன் அந்த வார்த்தையைச் சேர்த்தானோ, நன்றாக இருக்கட்டும்.

பையைச் சரிபார்க்க வந்த ரத்த வங்கிப் பெண்ணிடம் நானும் அதே தொழில் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

"உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்? பேஷன்ட்டுக்கு ஒரு குறைன்னா யார்கிட்ட போய்ச் சொல்வாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நோட்டு வச்சிருந்தோம்மா. அதுல என் பேரும் இருக்கு."

"நல்லதாவா, கெட்டதாவா?"

"பை முடியட்டும், சொல்றேன்" என்றேன். பை முடிவதற்குள் அவள் டியூட்டி முடிந்துவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளில் சென்னைப் பக்கம் பாடியில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே, இரண்டு அறையும் ஒரு வராந்தாவுமாக ஒரு சின்ன ரத்த வங்கியில் நான் டெக்னீஷியன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வருஷம் டிப்ளமா, ஒரு வருஷம் டியூப் கழுவல், அதற்கப்புறம் டியூப் கழுவுகிறவர்களைத் திட்டுகிற பதவி உயர்வு. உண்மையில் தொழில் கற்றது டாக்டர் மனோன்மணியிடம்தான். அவர்தான் எங்கள் மெடிக்கல் ஆபீசர்.

ஒல்லியான உருவம், எப்போதும் காட்டன் புடவை, கண்ணாடிக்குக் கயிறு. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் ரொம்ப நேரம் துடைத்தால் நாங்கள் எல்லோரும் வேறு அறைக்குப் போய்விடுவோம். யாராவது குறை சொல்ல வந்தால், ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் அவரை உட்கார வைத்துவிட்டு இவர் நின்றுகொள்வார். ஏனம்மா என்று ஒருமுறை கேட்டேன். "நான் உட்கார்ந்துகிட்டு அவர் நின்னா, அவர் பாதியைத்தான் சொல்லுவார்" என்றார். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ தெரியாது.

அந்த நோட்டு, சிவப்புக் காலிகோ துணி அட்டை போட்ட நீள நோட்டு. வலது பக்கத்தில் அவர்கள் சொன்னது. இடது பக்கத்தில் நாம் சோதித்துக் கண்டுபிடித்தது. வலது பக்கம் முடிந்து, அதைச் சொன்னவருக்கே உரக்கப் படித்துக் காட்டி, "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பிறகுதான் இடது பக்கத்தில் பேனா படலாம். சொன்னதை அப்படியே எழுத வேண்டும். 'குளிர் ஜுரம்' என்று மருத்துவத் தமிழாக்கக் கூடாது. 'உள்ளங்கால்ல எறும்பு ஓட்ற மாரி கீது' என்றால் எறும்பு ஓடத்தான் வேண்டும்.

எனக்கு ஆரம்பத்தில் இது வெட்டி வேலையாகத்தான் பட்டது. நசரத்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். ரத்தம் ஏற்றியதிலிருந்து மகன் கத்தரிக்காய் தின்கிறானாம். பிறந்ததிலிருந்து தொடாதவன். "யாரோட ரத்தம்மா அது, அவங்க ஊட்ல கத்திரிக்கா தெனம் செய்வாங்களா?" என்பது அவர் கேள்வி. நான் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டேன். டாக்டரம்மா அதையும் எழுதச் சொன்னார். அந்த அம்மா போன பிறகு, இதைப் போய் எழுதணுமா என்றேன்.

"ரத்தம் குறைஞ்சவனுக்கு வாய் கசக்கும். இப்ப ருசி திரும்பியிருக்கு. அந்தம்மா சொன்னது நிஜம்தானே? காரணம்தான் வேற" என்றார். அன்றிலிருந்து அந்த நோட்டின் மேல் எனக்கு ஒரு ஆவல் பிடித்துக்கொண்டது. யார் வந்தாலும் என்ன சொல்லப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன்.

சிங்காரம் வந்தது அதற்குப் பிறகுதான்.

சிங்காரம் குமணன்சாவடி ஜங்ஷனில் குல்ஃபி ஐஸ் விற்பவர். அவர் மனைவி பவுனு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வால்வு சோதிக்கிற வேலையில் இருந்தாள். மாதக்கணக்காக உதிரப்போக்கு, கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், அதற்குமுன் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று குமணன்சாவடிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தார்கள். அந்த நாளில் ரத்தம் வேண்டுமென்றால் வீட்டார் பதிலுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு போவதும் அவர்கள் பாடுதான். பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, மடியில் வைத்து, பஸ்ஸில் போவார்கள். சிங்காரமும் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு மனைவிக்கு ஒரு பை வாங்கிப் போனார். அதில் எனக்கு ஞாபகமிருந்ததெல்லாம் அவர் பிளாஸ்க் கொண்டுவரவில்லை, மரப்பெட்டி கொண்டுவந்தார் என்பதுதான். உள்ளே தகரம் அடித்து, நடுவில் மரத்தூள் திணித்த பெட்டி. நல்ல பெட்டி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"இன்னா சார் ரத்தம் குட்தீங்க? ஏத்துன கால் மணி நேரத்துல இடுப்பு ரெண்டா ஒடியுதுன்னு கத்துறா. சாயங்காலம் மூத்திரம் கருங்காப்பி மாரி வருது. டாக்டரு வேற பை எட்த்துனு வான்றாரு. அவ செத்துட்டான்னா நான் இன்னா சார் பண்ணுவேன்?"

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான் முதலில் தோன்றும். வேறு குரூப் ரத்தத்தைக் கொடுத்துவிட்டேன். அப்படியென்றால் அவள் சிறுநீரகம் போகும், உயிரும் போகும். பொருத்தம் பார்த்தது நான். கையெழுத்து என்னுடையது.

டாக்டரம்மா நோட்டை எடுப்பதற்கு முன் டெலிபோனை எடுத்தார். நர்சிங் ஹோம் டாக்டரிடம் நேற்றிலிருந்து எவ்வளவு சிறுநீர் பிரிந்தது என்று கேட்டார். அவரிடம் கணக்கு இல்லை. மணிக்கு மணி அளக்கச் சொன்னார், சலைன் போகட்டும் என்றார், அவள் கையிலிருந்து புதிதாக ரத்தம் எடுத்து உடனே ஆளிடம் அனுப்பச் சொன்னார். வைத்துவிட்டுச் சிங்காரத்தை ஸ்டூலில் உட்கார வைத்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே நேற்றைய பை இருந்தது. முக்கால்வாசி ரத்தம் மிச்சம். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"இது யார் கட்டினது?"

"அவதாம்மா. சிஸ்டரு குப்பையில போடப் பாத்தாங்க. கம்பெனில ரிஜெக்ட் ஆன பீஸத் தூக்கிப் போட மாட்டோம், டேக் கட்டித் திருப்பி அனுப்புவோம், எங்கேர்ந்து வந்துச்சோ அங்கியே எட்த்துனு போன்னா. தல ரிப்பன அவுத்துக் குட்தா."

டாக்டரம்மா பையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு விரலை மடக்கி அதன்மேல் தட்டினார். டொக் டொக் என்று பலகையில் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஐஸ் துண்டுகளுக்கு நடுவே, மூலையில், கரையாத கல்லுப்பு.

கேட்க வாய் துடித்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வலது பக்கம் இன்னும் காலியாக இருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சிங்காரம். இந்த கவுன்டர்ல பையை வாங்கினதுலேர்ந்து. அவசரமில்ல. இவர் எழுதிக்குவார்."

சிங்காரம் சொன்னார். நான் எழுதினேன். பாடி பஸ் ஸ்டாண்டு பக்கத்து சோடாக் கடையில் ஐஸ் பாறை உடைத்து வாங்கினார். ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை கல்லுப்பு, அதன்மேல் பை, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. குல்ஃபிக்கு அடுக்குகிற அதே அடுக்கு. இரண்டு பஸ் மாறினார். கூட்டத்தில் யாரையும் பெட்டிமேல் சாய விடவில்லை. நர்சிங் ஹோமில் டாக்டர் வரும்வரை மூன்று மணி நேரம் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "சிஸ்டரு எட்த்துப் பாத்துட்டு, இன்னாய்யா கல்லாட்டம் கீதுன்னு சொல்லி வெந்நீர் பேசின்ல போட்டாங்க. எளகினதும் மாட்டுனாங்க. மிச்சத்தத் திருப்பி எட்த்துனு வரச்சொல்லவும் அதே மாரி ஐஸ், உப்பு போட்டுத்தான் வச்சேன்."

உப்பு போட்டால் ஐஸின் குளிர் உறைநிலைக்கும் கீழே போகும் என்பது குல்ஃபிக்காரருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ரத்தம் அப்படி உறைந்தால் சிவப்பணுக்கள் வெடித்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. இளகின பிறகு பார்த்தால் சாதாரண ரத்தம் போலத்தான் இருக்கும். வெடித்த அணுக்களின் சாயம் நேராகச் சிறுநீரகத்துக்குப் போய் அடைக்கும். என் குரூப் தவறவில்லை! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குமணன்சாவடியில் ஒருத்தி கருங்காப்பியாகச் சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது நான் இங்கே பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன்.

அப்போது சிங்காரம் தொடர்ந்தார்.

"உப்பு எப்பவும் போட்றதவிட ஜாஸ்தியாவே போட்டேம்மா. சார்தான் சொன்னாரு." மோவாயால் என்னைக் காட்டினார். அதில் கோபம் துளிகூட இல்லை. படித்தவர் சொன்னதைச் சாட்சிக்கு இழுக்கிற மரியாதைதான் இருந்தது. "எவ்ளோ சில்லுனு இருக்கணும் சார்னு கேட்டேன். எவ்ளோ சில்லுனு இருக்கோ அவ்ளோ நல்லது, சீக்கிரம் கெளம்புன்னாரு."

எனக்கு நினைவே வரவில்லை. ஆனால் அது என் பேச்சுதான், சந்தேகமில்லை. முந்தின நாள் கவுன்டரில் ஒரு கம்பெனியிலிருந்து ரத்தம் கொடுக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். தலை நிமிராமல் நான் அப்படித்தான் பேசுவேன். அவர் கேட்டதோ எத்தனை நல்ல கேள்வி! குளிரை அளந்து தொழில் செய்கிறவர் மட்டும்தான் அதைக் கேட்டிருக்க முடியும். அதற்கு என்னிடம் பதிலும் இருந்தது. பைமேல் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது, ரத்தம் உறையவே கூடாது. சொல்ல பத்து விநாடி ஆகியிருக்காது.

பேனாவை உதறினேன். பிறகு எழுதினேன். 'கவுன்டரில் கூறப்பட்டபடி அதிகக் குளிரில் வைத்துள்ளார்.'

டாக்டரம்மா நோட்டை வாங்கி, வழக்கம்போல உரக்கப் படித்தார். அந்த வரி வந்ததும் சிங்காரம் கையைத் தூக்கினார்.

"அப்டி நான் சொல்லலியேம்மா. சார் சொன்னாருன்னுல்ல சொன்னேன். இவுரு பேரு இன்னா, அதையும் போட்டாத்தானே அடையாளம் தெரியும்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. நோட்டை என் முன்னால் வைத்து, "அவர் சொன்னபடி எழுதுங்க தணிகாசலம்" என்றார்.

நான் அந்த வரியை அடித்தேன். 'எவ்ளோ சில்லுனு இருக்கோ அவ்ளோ நல்லதுன்னு டெக்னீஷியன் தணிகாசலம் சொன்னாரு' என்று எழுதினேன். என் பெயரை அதுவரை ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருப்பேன். குறை சொல்கிற பக்கத்தில் எழுதியது அன்றுதான். சிங்காரம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா அவருக்கு உப்பைப் பற்றிச் சொன்னார். சிங்காரம் பெட்டிக்குள் கை விட்டு ஒரு உப்புக் கல்லை எடுத்துப் பார்த்தார்.

"அப்போ நாந்தான் பண்ணனா? என் கையாலயா?"

"உங்களுக்குத் தெரிஞ்ச வேலையை நீங்க ஒழுங்கா செஞ்சீங்க. நாங்கதான் சொல்ல வேண்டியதைச் சொல்லல. வலது பக்கத்துல இருக்கு பாருங்க" என்றார் டாக்டரம்மா. சிங்காரம் அதை ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. இடது பக்க வேலையைச் செய்யப் போய்விட்டேன்.

ஒவ்வொரு பையிலிருந்தும் கொஞ்சம் ரத்தத்தை ஒரு சின்னக் குழாயில் பிடித்து நாங்களே குளிர்பெட்டியில் வைத்திருப்போம். அதை எடுத்துப் பார்த்தேன். மேலே தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. திரும்பி வந்த பையை இளக விட்டு, கொஞ்சம் எடுத்து இயந்திரத்தில் சுழற்றிப் பார்த்தால் நீர் மாதுளைச் சாறு. குரூப்பை முதலிலிருந்து சோதித்தேன், நர்சிங் ஹோமிலிருந்து வந்த புது ரத்தத்தோடும் பொருத்திப் பார்த்தேன், எல்லாம் சரி. ஆக எங்களிடமிருந்து போகும்போது நல்ல ரத்தம். வழியில்தான் கெட்டது. அந்த வழியைக் காட்டி அனுப்பியவன் நான்.

சாயங்காலத்துக்குள் புதுப் பையோடு டாக்டரம்மா என்னையே அனுப்பினார். அதே பெட்டி, உப்பு இல்லாத ஐஸ், நடுவில் காகித அட்டை, மேலே தெர்மாமீட்டர். சிங்காரமும் நானும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பெட்டி இருவர் மடியிலும் பாதிப் பாதியாக இருந்தது.

பவுனு முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தாள். கட்டிலுக்கடியில் அளவு ஜாடியில் சிறுநீர் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் வந்துகொண்டிருந்தது. அதுதான் முக்கியம். நான் யார் என்று சொன்னேன். உப்பு விஷயத்தையும், என் வாயிலிருந்து வந்ததையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அத்த உடு சார். பாதியில எப்டி நின்னுச்சுன்னு நீ கேக்கவே இல்லியே?" என்றாள்.

உண்மைதான். பை முக்கால்வாசி மிச்சமிருந்ததை அத்தனை பேரும் பார்த்தோம். ஏன் மிச்சமிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரிய ஆராய்ச்சிக்காரன் நான்!

"இட்ப்பு வலிக்குது நிறுத்துங்கன்னு மூணு தபா சொன்னேன். ரத்தம் ஏறுனா அப்டித்தான் இருக்கும், பயப்படாதன்னாங்க சிஸ்டரு. பயம் இல்லக்கா, வலின்னேன். காதுல வாங்கல. அப்பால அந்தச் சக்கரத்தப் பாத்தேன்." குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரத்தைக் கண்ணால் காட்டினாள். "அது வால்வுதானே? நான் நாளெல்லாம் பண்ற வேலையாச்சே. எங்க கம்பெனில சந்தேகம் வந்தா மொதல்ல வால்வ மூடிடுவோம். அப்பாலதான் சூப்பர்வைசரக் கூப்ட்றது. மூடுனேன். சிஸ்டரு வந்து தொறந்தாங்க. திரும்ப மூடுனேன். கையத் தட்டி உட்டாங்க. அப்பால சக்கரத்தக் கையிலியே புட்ச்சிகினு டாக்டரு வர வரைக்கும் உடல."

அந்தக் கட்டை விரலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மீதிப் பையும் ஏறியிருந்தால் அந்த ஜாடியில் ஒன்றும் வந்திருக்காது. நாங்கள் படித்தவர்கள் நாலு பேர் வழி நெடுகக் கோட்டை விட்டதை அவள் விரல் ஒன்று நிறுத்தியிருக்கிறது.

மறுநாள் காலை ஜாடியில் நிறம் தேநீராகி, அதற்கடுத்த நாள் தெளிந்தது. அதுவரை தெர்மாமீட்டரோடு அவர்கள் ஃபிரிட்ஜில் வைத்திருந்த புதுப் பையை அதற்குப் பிறகுதான் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. மறுபடி பஸ் ஏறிப் போய் உட்கார்ந்தேன். பை முடிகிறவரை அவள் விரல் சக்கரத்தை விட்டு நகரவில்லை. சிஸ்டரும் இந்தத் தடவை அதைத் தட்டி விடவில்லை. பிறகு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

பவுனு சொன்னதையும் நான் வலது பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வந்திருந்தேன். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்தார். அதற்குப் பிறகு எங்களிடமிருந்து போன ஒவ்வொரு பையோடும் அது போனது. பைமேல் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது, உப்பு கூடாது, வெந்நீர் கூடாது. கடைசி வரி மட்டும் நோயாளிக்கு. 'உடம்புக்கு ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள். முதலில் சக்கரத்தை மூடச் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு பேசலாம்.' தொண்ணூறுகளில் அந்த வங்கியை மூடும்வரை அது போய்க்கொண்டிருந்தது. அதனால் யாருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நல்லது நடந்தால் யாரும் நோட்டில் எழுத வருவதில்லை.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். இரண்டாவது பை ஏறிக்கொண்டிருந்தபோது எனக்கு லேசாகக் குளிரெடுத்தது. தாளில் முதல் வார்த்தையே குளிர்தான். சொல்ல வேண்டும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. ஏ.சி. காற்றாக இருக்கும், பாவம் ஒரே நர்ஸுக்கு எத்தனை கட்டில், தொழில் தெரிந்தவன் நானே அலட்டலாமா என்று என்னென்னவோ தோன்றியது. ஊரார் சொன்னதையெல்லாம் இத்தனை வருஷம் எழுதினேனே, அதைச் சொல்ல அவர்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பதை அன்றைக்குத்தான் கட்டிலில் கிடந்து தெரிந்துகொண்டேன். பவுனு மூன்று முறை சொல்லியிருக்கிறாள். எனக்கு ஒருமுறைக்கே நா எழவில்லை.

கடைசியில் மணியை அழுத்தினேன்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது நர்ஸ் பெண் ஓடி வந்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குழாயைப் பிடித்து, கட்டை விரலால் சக்கரத்தை உருட்டி மூடினாள். அப்புறம்தான் குனிந்து, "சொல்லுங்க சார், என்ன பண்ணுது?" என்று கேட்டாள்.